ஏழாவது மரம் குடித்த தண்ணீர்

யாகூத்ஸ்க்
2002 செப்டம்பர் 19

அன்புள்ள ஒகோனோன் அண்ணாவுக்கு,

ஐதலீனா எழுதுகிறேன். என்ன சேதி, சொல்லு. அண்ணிக்குப் பல்வலி நின்றதா? குட்டிப் பெண் சந்தாரா இன்னும் என் தொப்பியைக் கேட்டு அழுகிறாளா? நான் ஓட்டமாக ஓடிப் படகைப் பிடித்து, மழையில் நனைந்து, சளி பிடித்து, இப்போது தேவலை.

துளைக்கருவியை வேன் ஓட்டுகிற ஸ்லாவாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நான் ஊருக்கு வந்தபோது அது வேறு குழுவிடம் இருந்தது, இப்போதுதான் கைக்குக் கிடைத்தது. நான் சிவப்பு நாடா கட்டி எண் எழுதிய பத்து லார்ச் மரங்களிலும் நெஞ்சு உயரத்தில் ஒரு துளை போடு. பென்சில் கனத்துக்கு ஒரு குச்சி வெளியே வரும். காகிதத்தில் சுற்றி எண்ணை எழுதி அனுப்பு. கடுங்குளிர் வருமுன் செய்துவிடு. உறைந்த மரத்தில் கருவி உடைந்துவிடும்.

எதற்கு இது என்று ஊரில் கேட்டால் இப்படிச் சொல். மரம் எந்தத் தண்ணீரைக் குடித்ததோ, அது அந்த வருஷத்து வளையத்தில் தங்கிவிடும். கோடை மழையில் கனமான ஆக்சிஜன் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மண்ணுக்கடியில் யுகயுகமாகக் கிடக்கிற ஐஸில் அது குறைச்சல். ஆக, மரத்தைக் கேட்டால் மண்ணுக்கடியில் ஐஸ் உருகுகிறதா என்று தெரியும்.

ஏழாம் எண் பாதை வளைவில் நிற்கிற கிழ மரம். நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஊரார் வேண்டிக்கொண்டு குதிரை முடியும் துணியும் கட்டிய மரம்தான். ஒரு அப்பத்தை வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு துளை போடு. அதுதான் இருப்பதிலேயே வயதானது, அது இல்லாமல் கணக்கு நிற்காது. கணக்கு ஒழுங்காக வந்தால் எங்கள் தலைவர் ரைசா ஸ்தெபானவ்னா ஜெர்மனியில் இரண்டு வருஷ ஆய்வுக்கு என் பெயரை அனுப்புவார். எத்தனை வருஷமாக இதற்குக் காத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

அன்புத் தங்கை,
ஐதலீனா

———

தீத்தேக்
அக்டோபர் 6

அன்புள்ள தங்கைக்கு,

சேதி ஒன்றுமில்லை, நீ சொல்லு. எல்லோரும் சௌக்கியம். மோத்ரோனா பல்லைப் பிடுங்கிக்கொண்டாள், அதனால் இப்போது இன்னும் தெளிவாகத் திட்டுகிறாள்.

குச்சி பத்தும் இதோடு வருகிறது. எண் எழுதியிருக்கிறேன். கருவி நல்ல கருவி, ஆனால் முதுகை ஒடிக்கிறது.

சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை காலை நொண்டுகிறது. குளம்பில் ஒன்றுமில்லை, சும்மா பாசாங்கு பண்ணுகிறது என்று நினைக்கிறேன். இந்த வருஷம் இறைச்சியையும் மீனையும் பக்கத்து மித்தெரேய் வீட்டு நிலவறையில் வைத்திருக்கிறோம். அவனுடையது விசாலம்.

ஆறு உறையப் போகிறது, இனி கொஞ்ச நாள் தபால் போகாது. உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே.

உன் அண்ணன்,
ஒகோனோன்

———

யாகூத்ஸ்க்
டிசம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆற்றின் மேல் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது, ஸ்லாவாவும் வந்து போனான். எல்லோரும் சுகம்தானே? இங்கே மூடுபனியில் எதிரே வருகிறவர் மூக்கு தெரிவதில்லை. நேற்று ஒரு அந்நிய மனிதரிடம் "எப்படி இருக்கீங்க மாமா?" என்று குசலம் விசாரித்துவிட்டேன். அவரும் தயங்காமல் தன் இடுப்புவலியைச் சொன்னார்.

உன் குச்சிகள் அருமை. ஒவ்வொரு வளையத்தையும் மெல்லிய கத்தியால் தனித்தனியே சீவி, ஜெர்மனிக்கு அனுப்பியாயிற்று. அங்கேதான் நிறுக்கிற இயந்திரம் இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் எண்கள் வரும்.

ஒன்று கேட்கட்டுமா? மித்தெரேயின் நிலவறை விசாலமா? அதில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாது. உன்னுடையதுதானே ஊரிலேயே ஆழமானது?

ஐதலீனா

———

தீத்தேக்
2003 ஜனவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

சேதி ஒன்றுமில்லை, நீ சொல்லு. நாங்கள் சுகம். சந்தாராவுக்கு ஒரு வாரம் இருமல், இப்போது ஓடியாடுகிறாள்.

பெட்டைக் குதிரை நொண்டுவதை நிறுத்திவிட்டது. நான் சொன்னேனே, பாசாங்கு. மித்தெரேயின் நாய் ஏழு குட்டி போட்டு, ஒன்றை நம் தலையில் கட்டப் பார்க்கிறது. நாய் இல்லை, மித்தெரேய்தான். வாசல் கதவைக் கொஞ்சம் இழைத்தேன், குளிரில் மரம் இறுகிவிட்டது. விறகு போதுமான அளவு இருக்கிறது.

இதைவிட எழுத ஒன்றுமில்லை. கை விறைக்கிறது.

ஒகோனோன்

———

யாகூத்ஸ்க்
மார்ச் 17

அண்ணா!

சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள். சேதி இருக்கிறது, நான் சொல்கிறேன்.

எண்கள் வந்துவிட்டன. ஒன்பது மரமும் சமர்த்துப் பிள்ளைகள். மழை பெய்த வருஷம் மழையைக் குடித்திருக்கின்றன, வறண்ட வருஷம் மேலாக உருகிய உறைமண் தண்ணீரைக் கொஞ்சம் குடித்துச் சமாளித்திருக்கின்றன. ஏழாவது மட்டும் வேறு கதை. 1996 வரை மற்றவற்றோடு கூடவே நடக்கிறது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் கனம் இறங்குகிறது, மழை நன்றாகப் பெய்த கோடையிலும்கூட. போன இரண்டு வருஷம் படுபாதாளம். அந்தத் தண்ணீர் போன வருஷத்துப் பனி இல்லை அண்ணா, அடியில் கிடக்கும் பழைய ஐஸ். அது உருகுகிறது, மரம் அதைக் குடிக்கிறது.

ரைசா ஸ்தெபானவ்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஏம்மா, இது தப்புன்னா பெரிய தப்பு. சரின்னா உன் அதிர்ஷ்டம். குச்சி மாறிடலையே?" என்றார். "எங்க அண்ணன் எடுத்தது, மாறாது" என்று சொல்லிவிட்டேன். மே மாதக் கூட்டத்தில் நான் பேச வேண்டும். ஜெர்மனிக்கான கடிதத்தை எழுதி வைத்துவிட்டார், கூட்டம் முடிந்ததும் போகும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. 1996இல் அந்த வளைவில் என்ன நடந்தது? தீ பிடித்ததா? யாராவது தரையிலிருந்து பாசியை உரித்தார்களா? பாசிதான் உறைமண்ணுக்குப் போர்வை. அதை எடுத்துவிட்டால் வெயில் நேராக உள்ளே போகும். யோசித்து எழுது. ஏழு வளைவில் நிற்கிற மரம்தானே? சத்தியமாக?

ஐதலீனா

———

தீத்தேக்
மார்ச் 31

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

குதிரைகள் குட்டி போடும் நேரம், நிற்க நேரமில்லை. ஒரு குட்டி தலைகீழாக வந்து, மித்தெரேயும் நானும் விடியும்வரை போராடிக் காப்பாற்றினோம். நெற்றியில் வெள்ளைப் புள்ளி. சந்தாரா அதற்கு உன் பெயரை வைத்திருக்கிறாள்.

வளைவில் தீ எதுவும் பிடிக்கவில்லை. ஏழு ஏழுதான்.

ஒகோனோன்

———

தீத்தேக்
ஏப்ரல் 9

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி மோத்ரோனா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை தேநீரைக் குடித்தே பொழுதைப் போக்குகிறாயா? ஐஸ் பாதையை மூடப் போகிறார்கள், ஸ்லாவாவின் கடைசி நடை இது. அதனால் வேகமாக எழுதுகிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாது.

அவர் உனக்கு என்ன எழுதினார் என்று கேட்டேன். "சேதி ஒண்ணுமில்லன்னு எழுதினேன்" என்றார். "அட மனுஷா, அது வாசல்ல வந்தவங்களுக்குச் சொல்ற மரியாதை. அதுக்கப்புறம் உக்காந்து தேநீர் குடிச்சிட்டு சேதியைச் சொல்லணும். நீ மரியாதையோட நிறுத்திட்டியே!" என்றேன். எழுந்து குதிரையைப் பார்க்கப் போய்விட்டார். இந்த ஆள் வாயைத் திறக்க உன் துளைக்கருவிதான் வேண்டும்.

வளைவு மரத்தை அவர் தொடவில்லை, ஐதலீனா. அப்பம் வைத்தார், கருவியை எடுத்தார், நின்றார், திரும்பி வந்தார். "அது மேல எங்க தாத்தா கட்டின முடி இருக்கு. நான் எப்படிடி துளை போடுவேன்?" என்றார். அப்புறம் வயதான மரமாக எதையாவது துளைக்க வேண்டுமே என்று நம் வீட்டு மூலையில் நிற்கிற லார்ச்சில் போட்டு ஏழு என்று எழுதிவிட்டார். உன்னிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உன் மார்ச் கடிதம் வந்த நாளிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. உன் பேச்சைக் கெடுத்துவிட்டோமே என்று மருகுகிறார். பெரிய இடத்தில் எழுந்து நீ தப்பாகப் பேசிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மற்றபடி இங்கே எல்லாம் நலம். நிலவறையில் போன கோடையிலிருந்து முழங்கால் தண்ணீர். கதவை இழைத்து இழைத்து இப்போது காற்று நுழைகிறது, ஆனாலும் உதைத்தால்தான் திறக்கும். "வீடு படியுது, அப்படித்தான்" என்கிறார் உன் அண்ணன். சந்தாராவுக்கு ஒரு புது விளையாட்டு. பந்தை அடுப்பருகே வைத்தால் அது தானாக உருண்டு மூலையில் அவள் கட்டிலுக்கடியில் போய்விடும். கையைத் தட்டிச் சிரிக்கிறாள்.

அவரைத் திட்டாதே. திட்டுவதென்றால் எனக்கும் ஒரு பங்கு வை.

மோத்ரோனா

———

தந்தி
யாகூத்ஸ்க், ஏப்ரல் 14

ஒகோனோனுக்கு. வீட்டில் படுக்காதே. குழந்தையை எடுத்துக்கொண்டு இன்றே வெளியேறு. ஏழு குடிப்பது உன் வீட்டுக்கடி ஐஸ். கோபமில்லை. ஐதலீனா.

———

கோடை வீடு, தீத்தேக்
மே 29

அன்புள்ள தங்கைக்கு,

ஆற்றில் ஐஸ் போய்விட்டது, படகு வருகிறது என்றார்கள். நாங்கள் மூவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் தந்தியைத் தபாலாபீஸ் வர்வாரா ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டிவிட்டுக் கடைசியில்தான் என்னிடம் கொடுத்தாள். கடைக்குப் போனால், "ஒகோனோன், உன் வீட்டுக்கடியில ஏழு பேர் உக்காந்து குடிக்கிறாங்களாமே, எங்களையும் கூப்பிடக் கூடாதா?" என்கிறான் மித்தெரேய். எனக்குக் கோபம் வந்தது. நானே கட்டிய வீடு. ஒவ்வொரு கட்டையும் நானே செதுக்கியது. ஒரு குச்சியைப் பார்த்து நகரத்திலிருந்து ஒருத்தி வெளியே போ என்றால் போய்விட வேண்டுமா?

அன்று இரவும் அங்கேதான் படுத்தோம். சந்தாரா தூங்குமுன் பந்தை உருட்டினாள். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை.

காலையில் புல்வெளியிலிருக்கும் கோடை வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். தரையில் பனி கிடக்கும்போதே கோடை வீட்டுக்கு எவன் போவான்? குதிரைகளுக்காகப் போகிறேன் என்று சொல்லி வைத்தேன். ஊரில் யாரும் நம்பவில்லை, ஆனாலும் மித்தெரேய் தன் வண்டியைக் கொடுத்தான்.

1996 என்று கேட்டாயே. அதுதான் நான் வீடு கட்டிய வருஷம். சுவர் இடுக்கில் அடைக்கப் பாசி வேண்டும். எல்லோரும் சதுப்புக்குப் போய் வண்டியில் கொண்டுவருவார்கள். நான் கெட்டிக்காரன், வீட்டைச் சுற்றிலுமே உரித்துக்கொண்டேன். எவ்வளவு நல்ல பாசி, வாசற்படியிலேயே கிடைக்கிறதே என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

உன் கூட்டம் என்ன ஆயிற்று? எனக்காக எதையும் மறைக்காதே. நான் மறைத்ததே போதும்.

ஒகோனோன்

———

யாகூத்ஸ்க்
ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் மூவரும் அந்தக் கூரைக்கடியில் இல்லை என்று படித்த பிறகுதான் ஒழுங்காகத் தூக்கம் வந்தது. சந்தாராவுக்குக் குளிரவில்லையே?

தந்தி அடித்த பிறகு இரண்டு நாள், ஏழு மாறியதை இங்கே யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். எண்கள் பொய்யில்லை, மரம் பொய்யில்லை, நாடா எங்கே கட்டியிருக்கிறது என்று எவன் வந்து பார்க்கப் போகிறான் என்றெல்லாம் நினைத்தேன். பிறகு போய்ச் சொன்னேன். ரைசா ஸ்தெபானவ்னா ஏழாவதின் எண்களைக் கோப்புக்குள் திருப்பி வைத்தார். "காட்டைப் பத்திப் பேச வந்தவ ஒரு வீட்டு மூலையைப் பத்திப் பேச முடியுமாம்மா?" என்றார். என் பெயரைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜெர்மனிக்கு வேறு ஒருத்தன் போகிறான். நல்ல பையன்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

கோபமில்லை என்று தந்தியில் போட்டேன். நீ உடனே கிளம்ப வேண்டுமே என்று போட்டேன். கோபம் இருக்கிறது. அழுதும் ஆயிற்று. அந்த மரத்தைத் தொட மாட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒன்பது போதும் என்று விட்டிருப்பேனே. கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன், பிறகு விட்டிருப்பேன். உன் தங்கையிடம் முடியாது என்று சொல்ல உனக்கு ஏன் அத்தனை பயம்?

கோடை கடுமையாக இருக்கும் என்கிறார்கள். சாமான் எடுக்கக்கூட அந்த வீட்டுக்குள் நீ போகாதே.

ஐதலீனா

———

கோடை வீடு, தீத்தேக்
ஆகஸ்ட் 23

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். இந்தத் தடவை சேதி உண்டு, உட்கார்ந்து படி.

புல் அறுத்துக்கொண்டிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மித்தெரேயின் மகள் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து, "மாமா, உங்க வீடு உக்காந்துடுச்சு!" என்று கத்தினாள். போய்ப் பார்த்தேன். லார்ச் நிற்கிற அந்த மூலை அப்படியே மண்ணுக்குள் இறங்கிக் கிடந்தது. கீழே கலங்கலாகத் தண்ணீர். மரம் வெளிப்பக்கம் சாய்ந்து வேரைக் காட்டுகிறது. நீ போகாதே என்றாய், போகவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். செங்கல் அடுப்பு பெயர்ந்து, சந்தாராவின் கட்டிலின் குறுக்கே விழுந்திருந்தது. கட்டில் இருந்த இடமே தெரியவில்லை. பந்து தண்ணீரில் மிதந்தது.

மோத்ரோனா குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

அன்றிலிருந்து ஒரே யோசனை. நீ சொன்னதை நான் கேட்டிருந்தால் வளைவு மரத்தில் துளை விழுந்திருக்கும். கணக்கு சரியாக வந்திருக்கும். நீ ஜெர்மனிக்குப் போயிருப்பாய். என் குழந்தை அந்தக் கட்டிலில் தூங்கியிருப்பாள். இதில் யாருக்கு நன்றி சொல்வது, யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குச் சேர வேண்டிய ஒன்றைக் கெடுத்தேன். அது மட்டும் தெரிகிறது.

அப்பம் சுடச் சொல்லி எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனேன். சாம்பல் பெட்டையின் பிடரி முடியைக் கட்டினேன். அங்கே ஒரு வேடிக்கை. நீ கட்டிய சிவப்பு நாடாவைப் பார்த்துவிட்டு, யாரோ புதிதாக வேண்டிக்கொண்டார்கள் என்று நினைத்து, வழியில் போகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்திலேயே கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். மித்தெரேயும் கட்டியிருக்கிறான், நாய்க்குட்டிகள் விலை போக வேண்டுமாம். 7 என்று நீ எழுதியது இன்னும் அழியவில்லை. அவிழ்த்து அனுப்பட்டுமா? உன் ஆபீஸ் நாடாவாயிற்றே.

இன்னொன்று. புது வீடு கட்ட மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு மரத்துக் குச்சி இதோடு வருகிறது. எண்ணும் சரி, மரமும் சரி, மோத்ரோனா கூடவே நின்று பார்த்தாள். எந்த இடத்து மரம் மழையை மட்டும் குடிக்கிறது என்று நீ சொல். அங்கே கட்டுகிறேன்.

ஒகோனோன்

———

யாகூத்ஸ்க்
செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். கட்டில் என்ற இடத்தில் எழுந்து, ஜன்னலைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பிறகு மீதியைப் படித்தேன். சந்தாராவின் கன்னத்தில் என் சார்பில் இரண்டு முத்தம். புதுப் பந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை ரைசா ஸ்தெபானவ்னாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, அந்த மூலை லார்ச்சின் எண்களைத் தேடி எடுத்துத் தன் மேஜையின் மேல் வைத்துக்கொண்டார். "இன்னும் எத்தனை வீட்டு மூலையில மரம் நிக்குது, உங்க ஊர்ல?" என்று கேட்டார். வீட்டுக்கு வீடு நிற்கிறது என்றேன். ஐஸ் பாதை திறந்ததும் நான் வருகிறேன். உறைந்த மரத்தில் கருவி உடையும் என்று உனக்குச் சொன்னது நான்தான், அதனால் பனி உருகும்வரை அங்கேயே தங்கி, மூலை மரம் ஒவ்வொன்றையும் நானே துளைக்கிறேன். வர்வாராவின் தபாலாபீஸிலிருந்து ஆரம்பிக்கிறேன், அவள் ஊருக்கெல்லாம் வாசிக்கட்டும்.

புது இடத்துக் குச்சிகளைச் சீவத் தொடங்கிவிட்டேன். ஜெர்மனியில் நிறுக்கப் போகிறவன் எனக்குப் பதிலாகப் போன அந்த நல்ல பையன்தான். சீக்கிரம் செய்கிறேன் என்றான். எண் வரும்வரை ஒரு கட்டைகூட நடாதே. இந்தக் குளிர்காலம் மித்தெரேய் வீட்டில் இருங்கள். ஒரு நாய்க்குட்டியை வாங்கிக்கொண்டால் மறுக்க மாட்டான். பாசிக்குச் சதுப்புக்குப் போ, வாசலில் கை வைக்காதே.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத நினைத்தேன். முழுக்கப் போகவில்லை. வரும்போது கொஞ்சம் திட்டுவேன், நீ பதில் பேசு, அது போதும்.

வளைவு மரத்து நாடாவை அவிழ்க்காதே அண்ணா. அன்றைக்கு அப்பமும் வைக்காமல், ஒரு வார்த்தை கேட்காமல், வேலைக்காகக் கட்டிவிட்டு ஓடிவந்தேன். அது அங்கேயே இருக்கட்டும். நான் கட்டியதாகவே இருக்கட்டும்.

உங்கள்
ஐதலீனா